எந்த முன்பள்ளிக்கு அனுப்புவது?

(மீள்குடியேறிய கிராமங்களில் நடைபெறும் பெற்றோர் கூட்டங்களுக்கான உரையின் எழுத்து வடிவம். வாசிக்கச் சிரமப்படுவோருக்கு வீட்டிலுள்ள ஒருவர் வாசித்துக் காட்டவும்.)

அம்மாமாரே, அப்பாமாரே, பேரப்பிள்ளைகளைப் பொறுப்பெடுத்து வளர்க்கின்ற அம்மம்மா, அப்பம்மா, தாத்தாமாரே,

காணி துப்புரவாக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், வீட்டுத்திட்டப் பத்திரங்களோடு பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும். இத்தனை வேலைக்கு நடுவில் இதைக் கேட்க இருக்கிறீர்கள். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டில் 3 அல்லது 4 வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது. வருகிற தை மாதம் அந்தப் பிள்ளையை முன்பள்ளியில் சேர்க்க வேண்டும். நடந்து போகிற தூரத்தில் ஒன்று, சைக்கிளில் போகிற தூரத்தில் இன்னொன்று, பிரதான வீதியில் வேறொன்று என்று இரண்டு மூன்று முன்பள்ளிகள் இருக்கின்றன. ஒருவர் "அங்கே கட்டடம் வடிவாக இருக்கிறது" என்கிறார். இன்னொருவர் "இங்கே பிள்ளை கெதியாக எழுதும்" என்கிறார். யாருடைய பேச்சைக் கேட்பது? நீங்களே போய்ப் பார்த்து, ஒன்றோடொன்றை ஒப்பிட்டு முடிவெடுப்பது எப்படி என்பதுதான் இந்த உரை.

இது சின்ன விடயம் இல்லை. நம்முடைய பிள்ளைகளில் சிலர் முகாமில் பிறந்தவர்கள். சிலர் உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தவர்கள். சில பிள்ளைகளுக்கு வீட்டாட்களைத் தவிர வேறு யாரோடும் கதைத்துப் பழக்கம் இல்லை. முன்பள்ளிதான் அவர்கள் வீட்டுக்கு வெளியே நம்பிப் போகிற முதல் இடம். அந்த இடம் பிள்ளைக்குப் பயத்தைக் கொடுத்தால், அடுத்து வருகிற பாடசாலைக்கும் அந்தப் பயத்தோடுதான் போகும்.

முதலில் ஒரு விளக்கம்

பாடசாலையைப் போல முன்பள்ளியும் அரசாங்கத்தினுடையது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நமது நாட்டில் அரசாங்கப் பாடசாலைக் கல்வி 1945 தொடக்கம் இலவசம். பாடநூல் 1980 தொடக்கமும் சீருடைத் துணி 1993 தொடக்கமும் இலவசமாகக் கிடைக்கின்றன. இவையெல்லாம் தரம் 1 முதல் மேலுள்ள பிள்ளைகளுக்கு. முன்பள்ளி இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி முன்பள்ளிகளின் நிர்வாகத்தை மேற்பார்வை செய்வது மாகாண சபையின் பொறுப்பு. மேற்பார்வை செய்வது வேறு, நடத்துவது வேறு.

நடத்துபவர்கள் பலவிதம். சில இடங்களில் பிரதேச சபை. சில இடங்களில் சனசமூக நிலையம் அல்லது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். வேறு இடங்களில் கோவில், தேவாலயம், கூட்டுறவுச் சங்கம், தொண்டு நிறுவனம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் உள்ள முன்பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே ஆசிரியைகளுக்கு அந்தத் திணைக்களமே மாதச் சம்பளம் கொடுக்கிறது. மற்றப் பல முன்பள்ளிகளில் ஆசிரியைக்குக் கிடைப்பது ஒரு சிறு ஊக்குவிப்புப் படியும் பெற்றோர் கட்டுகிற காசும்தான். யார் நடத்தினாலும் சரி, நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை. "ஓசியாகத்தானே நடத்துகிறார்கள், நாங்கள் எப்படிக் கேள்வி கேட்பது?" என்று கூச்சப்பட வேண்டாம். பிள்ளை உங்களுடையது.

ஆகவே முதல் கேள்வி: இது யாருடைய முன்பள்ளி? பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? பதிவு இருந்தால் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்தும் பிரதேச செயலகத்திலிருந்தும் உத்தியோகத்தர்கள் வந்து பார்ப்பார்கள். ஆசிரியையைப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். உதவிகள் வரும்போது அந்த முன்பள்ளியின் பெயரும் பட்டியலில் இருக்கும்.

விட்டுக்கொடுக்க முடியாதவை

சில விடயங்களில் ஒப்பீடே இல்லை. அவை சரியாக இல்லாவிட்டால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திருத்தும்வரை பிள்ளையை அங்கே விட வேண்டாம்.

பாதை. நீங்கள் பிள்ளையோடு போகிற வழியை ஒரு தடவை தனியாக நடந்து பாருங்கள். வழியில் மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை, அடையாளத் தடிகள், கட்டிய நாடா எங்கேயாவது இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கக் குறுக்குப் பாதை வேண்டாம். பக்கத்து வீட்டார் அதால் போய் வருகிறார்கள் என்பது போதாது. மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட பாதையா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். 4 வயதுப் பிள்ளை ஒரு வண்ணத்துப்பூச்சியைக் கண்டால் பாதையை விட்டு ஓடும். அதனால் பாதையை மட்டும் பார்க்காமல் அதன் இரண்டு கரையையும் பாருங்கள்.

இன்னொன்று. கோடையில் பார்த்த பாதை மாரியில் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் குளம் வான்பாயும், வாய்க்கால் மேவும். பிள்ளையைத் தையில் சேர்க்கிறோம். முன்பள்ளிகளைப் பார்க்கப் போவது பெரும்பாலும் மாரியில்தான். அது நல்லது. மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். எங்கே தண்ணீர் குறுக்கறுக்கிறது, எங்கே பிள்ளையைத் தூக்க வேண்டும் என்பது அன்றைக்குத் தெரியும்.

கிணறு. கைவிடப்பட்டுக் கிடந்த காணிகளில் கட்டு இடிந்த கிணறுகளும் பற்றை மூடிய கிணறுகளும் இருக்கின்றன. முன்பள்ளி வளவிலும் அதற்குப் பக்கத்து வளவிலும் பாருங்கள். கிணற்றுக் கட்டு பெரியவர்களின் இடுப்பளவுக்காவது இருக்க வேண்டும். மூடி அல்லது வலை இருந்தால் இன்னும் நல்லது. வேலி இல்லாத வளவில் கட்டில்லாத கிணறு இருந்தால், அந்த முன்பள்ளி இன்றைக்குத் தயார் இல்லை என்று அர்த்தம்.

குடிநீரும் மலசலகூடமும். பிள்ளைகள் குடிப்பது கொதித்தாறிய நீரா? கிணற்றுக்குக் குளோரின் போடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறாரா? மலசலகூடத்தைத் திறந்து பாருங்கள். பூட்டிக் கிடந்தால், திறப்பு யாரிடம் என்று கேளுங்கள். சில இடங்களில் விருந்தாளிகளுக்காகப் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பற்றைக்குள் விடுகிறார்கள். பற்றைக்குள் பாம்பு இருக்கும்.

வளவில் பழைய டயர்களை விளையாட்டுப் பொருளாகப் புதைத்து வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டு. ஆனால் டயருக்குள் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். அடியில் துளை போட்டிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

அடி. பிள்ளையை அடிக்கிற, இருட்டறையில் விடுகிற, மற்றப் பிள்ளைகள் முன்னால் கேலி செய்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டாம். "கொஞ்சம் கண்டிப்பு இருந்தால்தான் படிக்கும்" என்று ஆட்கள் சொல்வார்கள். கதவடிக்கிற சத்தத்துக்கே திடுக்கிடுகிற பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடி எதையும் சொல்லிக்கொடுக்காது. எந்தப் பிள்ளைக்காவது தீங்கு நடப்பதாக அறிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம்.

ஆசிரியையைப் பாருங்கள்

இவ்வளவும் சரி என்றால், அதற்குப் பிறகுதான் ஒப்பீடு தொடங்குகிறது. அதில் முதலாவது ஆசிரியை. கட்டடம் இரண்டாவதுகூட இல்லை.

ஒரு நாள் காலை, முன்னறிவித்தல் இல்லாமல், பிள்ளைகள் வருகிற நேரத்துக்குப் போய் ஒரு ஓரமாக இருங்கள். ஒரு மணித்தியாலம் போதும். ஆசிரியை பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? அழுதுகொண்டு வருகிற பிள்ளைக்கு என்ன செய்கிறார்? கதைக்கும்போது பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து கதைக்கிறாரா? ஒதுங்கி நிற்கிற பிள்ளையைக் கவனித்தாரா? பிள்ளை கேள்வி கேட்டால் பதில் வருகிறதா, "வாயை மூடு" வருகிறதா?

பயிற்சியைப் பற்றியும் கேளுங்கள். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் போன்ற பாடநெறிகளை முடித்தவர்கள் நம் பகுதிகளிலும் இருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர் என்றால் நல்லது. பயிற்சி இல்லாவிட்டாலும் பிள்ளைகளோடு நன்றாகப் பழகுகிற ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பலாம். பயிற்சி இருந்தும் பிள்ளைகளைப் பிடிக்காத ஒருவரை என்ன செய்ய முடியும்?

அடுத்தது எண்ணிக்கை. ஒரு ஆசிரியை மட்டும் 30 பிள்ளைகளோடு இருந்தால், ஒரு பிள்ளையை மலசலகூடத்துக்குக் கூட்டிப் போகிற நேரம் 29 பிள்ளைகளுக்கு ஆள் இல்லை. இரண்டு பேர் இருக்கிறார்களா? ஒருவர் வராத நாளில் யார் வருவார்? போன வருடம் இருந்த அதே ஆசிரியையா இன்றைக்கும் இருக்கிறார்? அடிக்கடி ஆள் மாறுகிற முன்பள்ளியில் பிள்ளை யாரையும் நம்பப் பழகாது. நம்பியவர்கள் திடீரென இல்லாமல் போவதை ஏற்கனவே கண்ட பிள்ளைகள் இவர்கள்.

நடந்தவற்றைப் பிள்ளையிடம் கிளறிக் கேட்கிற ஆசிரியை வேண்டாம். "பாவம், தகப்பன் இல்லாத பிள்ளை" என்று எல்லார் முன்னாலும் சொல்கிறவரும் வேண்டாம். பிள்ளை தானாகச் சொன்னால் கேட்கவும், சொல்லாவிட்டால் விளையாட விடவும் தெரிந்தவர் போதும்.

எழுத்தைப் பற்றி

"அந்த முன்பள்ளியில் 'அ' தொடக்கம் 'ஃ' வரை எழுதுகிறார்கள், இந்த முன்பள்ளியில் வெறும் விளையாட்டு." இதை எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறோம். சொல்பவரின் கவலை விளங்குகிறது. நம் பெரிய பிள்ளைகள் இடப்பெயர்வால் படிப்பை இழந்தார்கள். சின்னவராவது பிந்திவிடக்கூடாது என்ற அவசரம் அது.

ஆனால் பாடசாலை எதை எதிர்பார்க்கிறது என்று பாருங்கள். தரம் 1இல் சேர முன்பள்ளிச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. எழுத்துப் பரீட்சையும் இல்லை. அந்த வருடம் ஜனவரி 31ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 1999இல் நாடு முழுவதும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தின்படி தரம் 1, 2 வகுப்புகளே விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றையும் கலந்து அமைக்கப்பட்டவை. எழுதப் பழக்குவது அங்கேயுள்ள ஆசிரியரின் வேலை.

முன்பள்ளியில் பிள்ளை பழக வேண்டியது வேறு. தன் பெயரைச் சொல்லவும், தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவும், முறை வரும்வரை பொறுத்திருக்கவும், மற்றப் பிள்ளையோடு பகிரவும், கதையை இருந்து கேட்கவும், கையைக் கழுவிச் சாப்பிடவும் பழக வேண்டும். மண்ணில் கோடு போடுகிற, களிமண் பிசைகிற, கடதாசி கிழித்து ஒட்டுகிற, விதைகளை இனம் பிரிக்கிற விரல்தான் பிறகு பென்சிலைப் பிடிக்கும். விரலுக்குப் பலம் வருவதற்கு முன் கொப்பியும் பென்சிலும் கொடுத்து வரிசையாக எழுதச் சொன்னால், பிள்ளை எழுத்தை வெறுக்கத் தொடங்கும்.

ஆகவே கொப்பியைப் பார்க்காதீர்கள். சுவரைப் பாருங்கள். அதில் இருக்கிற படங்கள் ஆசிரியை வரைந்தவையா, பிள்ளைகள் கிறுக்கியவையா? விளையாட்டுச் சாமான்கள் பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றனவா, அலுமாரிக்குள் பூட்டியிருக்கின்றனவா? சிரட்டை, போத்தல் மூடி, புளியங்கொட்டை, துணிப் பொம்மை போதும். பூட்டிய அலுமாரிக்குள் இருக்கிற விலைகூடிய பெட்டியால் பிள்ளைக்கு என்ன பிரயோசனம்?

பெயர்ப்பலகையையும் நம்ப வேண்டாம். "மொன்டிசூரி" என்று எழுதினால் அது மொன்டிசூரி அம்மையாரின் முறைப்படி நடக்கிறது என்று அர்த்தமில்லை. யாரும் அந்தப் பெயரை எழுதலாம். அதைப்போலவே கழுத்துப்பட்டி, சப்பாத்து, ஆங்கிலப் பாட்டு, வருட இறுதியில் மேடைக் கலைவிழா என்பவையும் நம் கண்ணை மயக்குபவை. அவை இருப்பது குற்றம் இல்லை. அவற்றுக்காக ஒரு முன்பள்ளியைத் தெரிவு செய்வதுதான் பிழை.

காசும் நேரமும்

முன்பள்ளிச் செலவு என்றால் மாதக் கட்டணம் மட்டும் என்று நினைக்காதீர்கள். சேரும்போது என்ன கட்ட வேண்டும், சீருடை கட்டாயமா, விழாவுக்கு எவ்வளவு, சுற்றுலாவுக்கு எவ்வளவு, சாப்பாடு யார் கொடுப்பது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கட்ட முடியாத குடும்பத்துக்கு என்ன ஏற்பாடு என்பதையும் கேளுங்கள். காசு கட்டவில்லை என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்புகிற இடமா என்பது அந்தப் பதிலில் தெரியும்.

தூரத்தைக் கணக்குப் பாருங்கள். முன்பள்ளி 3 கிலோமீற்றரில் இருந்தால், காலையில் கொண்டுபோய் விட்டுத் திரும்பி, மதியத்துக்கு முன் மறுபடி போய்க் கூட்டிவர வேண்டும். நான்கு தடவை. ஒரு நாளைக்கு 12 கிலோமீற்றர், கிழமைக்கு 60. போகாமல் அங்கேயே காத்திருந்தால் மூன்று மணித்தியாலம் போய்விடும். அன்றைய கூலிவேலையும் போய்விடும். தனியாகக் குடும்பம் நடத்துகிற ஒரு தாய்க்கு இது பெரிய செலவு. அப்படியான வீட்டுப் பிள்ளை மாசியோடு முன்பள்ளிக்குப் போவதை நிறுத்திவிடுவதைப் பார்க்கிறோம். வருடம் முழுவதும் போகிற சாதாரண முன்பள்ளி, ஒரு மாதம் மட்டும் போகிற சிறந்த முன்பள்ளியைவிட நல்லது.

ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம்

இது உண்மையான ஊர் இல்லை, விளங்கிக்கொள்வதற்காகச் சொல்கிறேன். மூன்று முன்பள்ளிகள்.

சந்தியில் இருப்பது 3 கிலோமீற்றரில். மாபிள் பதித்த கட்டடம், சறுக்கி, ஊஞ்சல், மதில். பிள்ளைகள் 45, ஆசிரியைகள் 2. காலை முழுவதும் கொப்பியில் எழுத்து. வழியில் மணல் ஏற்றுகிற டிப்பர்கள் ஓடுகின்றன.

கோவிலடியில் இருப்பது ஒன்றேகால் கிலோமீற்றரில். ஓலைக் கொட்டகை. பிள்ளைகள் 25, ஆசிரியைகள் 2, ஒருவர் பயிற்சி முடித்தவர். கிணற்றுக்குக் கட்டு இருக்கிறது. மலசலகூடத்துக்குத் தண்ணீர் அள்ளிக் கொண்டுபோக வேண்டும்.

குளத்தடியில் இருப்பது 400 மீற்றரில். சனசமூக நிலையத்தின் ஒரு பக்கம். பிள்ளைகள் 12, ஆசிரியை ஒருவர். பிள்ளைகள் அவரைச் சுற்றியே நிற்கிறார்கள். ஆனால் வளவுக் கிணற்றின் கட்டு இடிந்து கிடக்கிறது.

இப்போது நிலத்தில் மூன்று கட்டம் கீறுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு முன்பள்ளி. பாதை, கிணறு, நீர், ஆசிரியை, எண்ணிக்கை, விளையாட்டு, காசு, தூரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு, நன்று என்றால் இரண்டு புளியங்கொட்டை, பரவாயில்லை என்றால் ஒன்று, இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று வையுங்கள். எழுதத் தெரியாத அம்மம்மாவும் இதைச் செய்வார். வீட்டிலுள்ள எல்லாரும் சேர்ந்து வையுங்கள். சந்தியின் கட்டத்தில் கொட்டைகள் குறைவாக இருப்பதைக் கண்டு பலர் ஆச்சரியப்படுவார்கள்.

குளத்தடிக்குக் கொட்டைகள் நிறைய விழும். என்றாலும் கிணறு இருக்கிறது. அது விட்டுக்கொடுக்க முடியாதவற்றில் ஒன்று. ஆகவே இன்றைக்குக் கோவிலடிதான் தெரிவு.

ஆனால் கணக்கு இதோடு முடிவதில்லை. குளத்தடிப் பிள்ளைகள் 12 பேரில் எட்டுப் பேரைக் கோவிலடிக்கு மாற்றினால் மிச்சம் நாலு பேர். அந்த நாலு பேரும் யார்? சைக்கிள் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். தாய் விடியவே வயலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். அம்மம்மாவால் தூக்கிக்கொண்டு நடக்க முடியாத பிள்ளைகள். நாலு பிள்ளைகளின் கட்டணத்தில் ஆசிரியை எப்படி நிற்பார்? அவரும் வேறு வேலைக்குப் போவார். முன்பள்ளி மூடும். அந்த நாலு பிள்ளைகளும் வீட்டிலேயே இருப்பார்கள். முன்பள்ளி ஒருவருக்கும் வேண்டாம் என்று ஊரில் யாரும் முடிவெடுக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் பிள்ளைக்கு நல்லதைத்தான் செய்தார்கள்.

இதனால்தான் தெரிவை ஊராகச் சேர்ந்து கதைக்கச் சொல்கிறோம். கிணற்றுக் கட்டு என்ன பெரிய வேலை? சீமெந்து, கல், இரண்டு நாள் சிரமதானம். பிரதேச சபையிடமும் எங்களைப் போன்ற நிறுவனங்களிடமும் சங்கக் கடிதத்தோடு கேட்கலாம். கட்டு எழும்பிவிட்டால் குளத்தடிப் பிள்ளைகள் 400 மீற்றரில் பாதுகாப்பாகப் போய்வருவார்கள். கோவிலடியும் நெரிசலாகாது. இரண்டு முன்பள்ளிகளை ஒப்பிடும்போது ஒன்றின் குறை தெரிகிறது. அந்தக் குறை காசாலும் கையாலும் தீரக்கூடியதா, அல்லது ஆளால் வருகிற குறையா என்று பாருங்கள். கட்டு, கூரை, வேலி, தண்ணீர் எல்லாம் தீரக்கூடியவை. பிள்ளைகளில் அன்பில்லாத ஆசிரியை என்பது அப்படித் தீராது.

அதற்காக, ஊருக்காக உங்கள் பிள்ளையை ஆபத்தான இடத்தில் விடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கட்டு எழும்பும்வரை கோவிலடிக்கு அனுப்புங்கள். இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகளை ஒருவர் மாறி ஒருவராகக் கூட்டிப் போங்கள். அந்த நாலு பிள்ளைகளையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விசேட கவனிப்புத் தேவையான பிள்ளைகள்

கூப்பிட்டால் திரும்பாத, கதைக்கப் பிந்துகிற, நடக்கச் சிரமப்படுகிற பிள்ளை இருந்தால், "பெரிதானால் சரியாகும்" என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். செல் சத்தத்தால் காது பாதிக்கப்பட்ட பிள்ளைகள் குழப்படிக்காரர் என்று பெயர் எடுத்திருக்கிறார்கள். முதலில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். முன்பள்ளிகளைப் பார்க்கப் போகும்போது அந்தப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். ஆசிரியை அந்தப் பிள்ளையை எப்படி வரவேற்கிறார் என்பதை வைத்து, மற்ற எல்லாப் பிள்ளைகளையும் அவர் எப்படி நடத்துவார் என்று அறியலாம்.

பத்திரங்கள்

பிறப்புச் சான்றிதழும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடும் கேட்பார்கள். சான்றிதழ் தொலைந்திருந்தால், பிறப்பு எந்தப் பிரிவில் பதியப்பட்டதோ அந்தப் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பிறப்பே பதியப்படாமல் மூன்று மாதம் கடந்திருந்தால், காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நடமாடும் சேவை வரும் நாளைக் கிராம அலுவலரிடம் கேட்டு வையுங்கள். பதிவேடு தொலைந்திருந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். 3 வயதில் போட வேண்டிய தடுப்பூசி போட்டாயிற்றா, திரிபோஷா கிடைக்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள். பத்திரம் இல்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பத்திரத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டே முன்பள்ளியில் பேசுங்கள்.

சேர்த்த பிறகு

முதல் இரண்டு கிழமை பிள்ளை அழும். அது வழமை. கூட இருந்து, பிறகு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுங்கள். சொல்லாமல் ஒளித்து ஓட வேண்டாம். "அம்மா போய்விட்டு வருவேன்" என்று சொல்லிப் போய், சொன்ன நேரத்துக்கு வாருங்கள். ஒரு மாதம் கழித்தும் பிள்ளை சாப்பிடாமல், நித்திரையில் அலறி, பாயை நனைத்துக்கொண்டு இருந்தால், ஆசிரியையோடு இருந்து கதையுங்கள். பிள்ளையைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

மாதக் காசை நாளுக்குக் கட்டுங்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள். அப்பாமாரும் போக வேண்டும். கணக்கு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். குறை இருந்தால் முதலில் ஆசிரியையிடம், அடுத்து நடத்துகிற சங்கத்திடம், அதற்கும் பிறகு பிரதேச செயலகத்தின் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் சொல்லுங்கள். வேலியோரம் நின்று கதைப்பதால் எந்தக் குறையும் தீராது.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஒழுங்கையில் 3, 4 வதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வருகிற கிழமை, அந்த வீட்டாட்கள் ஒன்றாகப் போய் இரண்டு முன்பள்ளிகளையாவது பாருங்கள். போகும்போது ஒரு பிடி புளியங்கொட்டையும் கொண்டு போங்கள். திரும்பி வந்து மரத்தடியில் இருந்து கட்டம் கீறி வையுங்கள். எங்கே என்ன குறை என்று எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எதை யாரிடம் கேட்பது என்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு கதைப்போம்.